கொட்டகை வாரும் என் பழைய வேட்டியும்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு சம்பளத்தன்று கையெழுத்துப் போட்டதைத் தவிரப் பேனா பிடித்ததில்லை. வரிகள் மேலும் கீழுமாகப் போகும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். வாசிக்கிறவர் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும்.

வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்குக் காது சூடாகிவிடும். இத்தனை பேர் முன்னால் நின்று என் இடுப்பில் வந்ததைப் பற்றிப் பேச என்னால் ஆகாது. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று ஆளுக்கு ஆள் வழியில் நிறுத்திக் கேட்கிறீர்கள். அதனால் எழுதிவிட்டேன். என் மச்சினன் ராமையா இதைக் கசரத்துக் கொட்டகையில் சத்தமாக வாசிப்பான். நான் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். தயவு செய்து என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குப் பழைய கொட்டகையைத் தெரியாது. அது முன்பு பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகும் அறை. புதுப் பிள்ளைக்காம்பரா கட்டிய பிறகு அது சும்மா கிடந்தது. ராமையா தோட்ட மேனேஜர் துரையிடம் நடையாய் நடந்து கெஞ்சி அதை வாங்கினான். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கழித்துப் போட்ட இரும்புச் சக்கரங்களைக் கம்பியில் மாட்டி எடை தூக்கக் கட்டினோம். கர்லாக் கட்டையை நாங்களே கடைந்தோம். தண்டால் எடுக்கத் தரையில் கோணிச் சாக்குகளைத் தைத்து விரித்தோம். கொஞ்ச நாளில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும், வட்டகொடைக் கடைவீதியிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யார் வந்தாலும் உள்ளே விட்டோம்.

நான் ஸ்டோரில் கொழுந்துச் சாக்குத் தூக்குகிறவன். நாற்பது கடந்த பிறகு இடுப்பு விட்டுப்போனது போல ஒரு வலி. "நாலு பஸ்கி எடுத்தா வலி பறந்துரும் மச்சான்" என்று ராமையாதான் இழுத்துக்கொண்டு போனான். மற்றவர்கள் போன பிறகு மூலையில் நின்று செய்வேன்.

அங்கே ஒரு வார் இருந்தது. ஸ்டோரில் மிசினை ஓட்டும் அகலமான தோல் வாரில் அறுந்த துண்டு அது. அதில் பக்கிள் வைத்துத் தைத்திருந்தோம். எடை தூக்குகிறவன் அதை வெற்று இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வான். இறக்கியதும் அவிழ்த்து அடுத்தவனிடம் கொடுப்பான். அவன் வேர்வை காயும் முன்னே இவன் கட்டிக்கொள்வான். தோல் அழுகிவிடும் என்று அதைத் தண்ணீரில் போட்டதே இல்லை. ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுவோம். அவ்வளவு பேருடைய வேர்வையும் ஏறி அது கரிய கண்ணாடி போல மின்னும். அந்த மினுமினுப்பே எங்களுக்குப் பெருமை.

கட்டிகள் வந்தன. இடுப்பில், தொடையில், கையிடுக்கில். யாரும் பயப்படவில்லை. கடலையும் முட்டையும் தின்று கசரத்து செய்தால் உடம்பு சூடேறும், அந்த உஷ்ணம்தான் கட்டியாக வெளியே வருகிறது, கெட்ட ரத்தம் போனால் பலம் ஏறும் என்று நம்பினோம். புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் கட்டி வந்தால் கொட்டகையில் ஒரே கொண்டாட்டம்.

"என்னடா, மொளைச்சிருச்சா?"

"ஆமாண்ணே, ஒக்கார முடியல."

"அப்ப பயில்வான் ஆயிட்டடா! நாளைக்கு எடையில ஒரு சக்கரம் கூடப் போடு!"

உஷ்ணத்துக்கு மருந்தும் கொட்டகையிலேயே இருந்தது. அனுமார் படத்துக்குக் கீழே ஒரு எனாமல் கிண்ணத்தில் நல்லெண்ணெய். அதில் வெந்தயம் ஊறும். கட்டி வந்தவன் விரலை விட்டு எண்ணெய் எடுத்துக் கட்டியைச் சுற்றித் தடவுவான். மறுபடி அதே விரலை விட்டு எடுப்பான். எண்ணெய் குறைந்தால் மேலே ஊற்றுவோமே தவிர, கிண்ணத்தைக் கழுவிய ஞாபகம் எனக்கு இல்லை. ஒருவன் கட்டியை இன்னொருவனுக்கு நாங்களே கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு வார் உரசினால் தோல் கன்றிப் போகும். அதனால் ஒரு பழைய வேட்டியை நீளமாக மடித்து இடுப்பில் சுற்றி அதன் மேல் வார் கட்டுவேன். அவசரத்துக்கு மற்றவர்களும் அந்த வேட்டியால் முகம், கழுத்து துடைப்பார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. செல்லம்மா, என் மனைவி, அதை ஆற்றுத் தண்ணீரில் கசக்குவாள். ஆடி மாதத்து மழையில் எங்கே வெயில்? லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே காம்பராவில் அடுப்புக்கு மேலே கொடியில் போடுவாள். புகையிலேயே காயும்.

போன வருஷத்து ஆடியில்தான் எனக்கும் வந்தது. முதுகுக்குக் கீழே, வார் படிகிற இடத்தில், ஒரு பரு. உஷ்ணம் என்று எண்ணெய் தடவினேன். பரு நெல்லிக்காய் ஆனது, பிறகு கை அகலத்துக்குத் தடித்தது. மேலே சல்லடை போலச் சின்னச் சின்னக் கண்கள் திறந்து எல்லாவற்றிலும் சீழ். தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்த ஐயா கட்டுப் போட்டு அனுப்பினார். இரண்டாம் தரம் போனபோது எனக்கு நடுக்கம் எடுத்தது. குளிர் நடுக்கம் எனக்குப் பழக்கம், மலையில் பிறந்தவன். இது வேறு. பல் அடித்துக்கொண்டது, கட்டில் ஆடியது, அப்புறம் நெருப்பாகக் காய்ச்சல். ஐயா முகம் மாறிப்போய், தேயிலைப் பெட்டி ஏற்றப் போன லொறியை மறித்து என்னை ஏற்றச் சொன்னார்.

செல்லம்மாவால் கூட வர முடியவில்லை. மகள் பார்வதி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இறம்பொடைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். மாதம் நிறைந்து இன்றோ நாளையோ என்றிருந்தது. லொறி கிளம்பும்போது பார்வதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றாள். "அப்பா, புள்ளையத் தூக்குறதுக்குள்ள வந்துருங்க" என்றாள். கை காட்டக்கூட எனக்குப் பலமில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் என்னிடம் கேட்டது மூத்திரம். கட்டியைப் பார்க்காமல் இது எதற்கு என்று நினைத்தேன். பண்டா என்ற வயதான அட்டண்டன் அதை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து விளக்கில் காய்ச்சினார். இப்படிப் பல வாய் வைக்கும் கட்டிக்குப் பெயர் பிளவையாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அது வந்தால் ஆளையே கொண்டுபோய்விடுமாம். குழாயில் நீலம் அப்படியே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை. அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். குமிழ் குமிழாகக் கொதித்தது. நிறம் மாறுவது போலவும் மாறாதது போலவும் எனக்குத் தெரிந்தது.

"பய வென்ட எப்பா" என்றார் பண்டா. பயப்படாதே என்று அர்த்தம். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நீலமாகவே இருந்தது.

மயக்க மருந்து கொடுத்துக் கீறினார்கள். விழித்தபோது முதுகில் குழி. தைத்து மூடவில்லை. மருந்துத் துணியைத் திரியாக முறுக்கி உள்ளே வைத்திருந்தார்கள். மூடினால் சீழ் உள்ளேயே தங்கிவிடும், சதை அடியிலிருந்து வளர்ந்து மேலே வர வேண்டும் என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். தினமும் காலையில் அந்தத் திரியை உருவி எடுப்பார்கள். அந்த நேரத்தில் கட்டில் கம்பியைக் கடித்திருக்கிறேன். பென்சிலின் ஊசி இராத்திரி பகல் என்று இல்லாமல் போட்டார்கள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, ஊசி நிற்கக் கூடாது என்றார் டாக்டர்.

டாக்டர் சிங்களவர். தோட்டத்து ஆட்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர். ஒரு காலையில் என் கட்டிலருகே நின்று கேட்டார்.

"வீட்ல வேற யாருக்கும் கட்டி இருக்கா?"

"இல்லைங்க."

"கூட வேலை செய்யிற ஆட்களுக்கு?"

கொட்டகையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சுற்றிலும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள், மிஸ்ஸிகள். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டேன். டாக்டர் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

காய்ச்சல் இறங்கி எழுந்து நடக்கத் தொடங்கியபோது, பல நாள் மழைக்குப் பிறகு ஒரு துளி வெயில் வந்தது. குளிர் காய ஆசைப்பட்டு வாட்டுக்கு வெளியே விறாந்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மறு கோடியில் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. அந்தப் பக்கம்தான் வெயில் நன்றாக விழுந்தது.

"அங்கயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க!"

மிஸ்ஸி கத்திய கத்தலில் இரண்டு வாட்டு ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸியே வந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவை.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அது புள்ள பெத்தவங்க வாட்டு. ஒங்க புண்ணுல இருக்கிற கிருமி பெரியவங்க மேல பட்டா ஒரு கட்டியோட போகும். பச்சப்புள்ள தோலு வெங்காயச் சருகு மாதிரிண்ணே. அதுல பட்டா ஒடம்பெல்லாம் கொப்புளிச்சுரும். தொப்புள் வழியா உள்ள போச்சுன்னா..." அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "நீங்க தொடணும்னுகூட இல்ல. நீங்க கட்டுன துணி போதும்."

நீங்கள் கட்டின துணி போதும்.

நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடுவதில்லை. புதுத் துணி உரசும் என்பார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில், அதுவும் தாத்தாவின் வேட்டியில் வாங்கினால் பிள்ளைக்கு ஆயுசு என்பார்கள். நான் லொறியில் ஏறுவதற்கு முந்தின நாள், வலியில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபோது, செல்லம்மா அடுப்புக்கு மேல் கொடியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து நான்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள். "இதுதாங்க பஞ்சு மாதிரி இருக்கு" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அது நான் வாருக்குக் கீழே சுற்றின வேட்டி.

எழுந்து மிஸ்ஸியைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். அவர் அதற்குள் போய்விட்டார். பார்வதிக்குப் பிறந்துவிட்டதா, இல்லையா? யாரிடம் சொல்லி அனுப்புவது?

அன்று மத்தியானம் நல்ல காலத்துக்கு ராமையா வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்னா மச்சான், பாதியா போயிட்டீங்க! கர்லாக் கட்டையெல்லாம் ஒங்களத் தேடுது."

"பார்வதிக்கு ஆயிருச்சா?"

"இன்னும் இல்ல. இன்னைக்குள்ளன்னு மருத்துவச்சி சொல்லிட்டுப் போயிருக்கு."

"ராமையா, ஒடனே வீட்டுக்குப் போ. ஒங்கக்கா கிழிச்சு வச்சிருக்கிற வேட்டி, அத எரிக்கச் சொல்லு. புள்ள மேல போடக் கூடாது."

அவன் சிரித்துவிட்டான். "வேட்டிய எரிக்கிறதா? தாத்தா வேட்டி இல்லாம எந்தப் புள்ள வளந்துச்சு? அக்கா என்னைய வெளக்கமாத்தாலேயே அடிக்கும்."

"அது கொட்டகையில வாருக்குக் கீழ சுத்துனது. சீக்கு அதுலதான் ஒட்டியிருக்கு."

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவா பேசுங்க மச்சான். கொட்டகையிலேருந்து சீக்கு வந்துச்சுன்னு தொரை காதுல விழுந்தா மறுநாளே பூட்டு. எம்புட்டு கெஞ்சி வாங்குனேன், ஒங்களுக்குத் தெரியாதா? இது உஷ்ணம், வெறும் உஷ்ணம். ஒங்க வயசுக்கு ஒத்துக்கல. எளநி குடிச்சா எறங்கிரும். நான் வர்றேன், பஸ்ஸு போயிரும்."

பழத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். அவன் கதவை நோக்கி நடக்கிறான். வாட்டின் மறு கோடியில் டாக்டர் உள்ளே வருகிறார். என் வாழ்நாளில் யாரையும் நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. கங்காணியைக்கூட அவர் என்னைப் பார்க்கும்வரை காத்து நிற்பேன்.

"டாக்டர் ஐயா!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. வாடு முழுவதும் திரும்பியது. டாக்டர் வேகமாக வந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டகை, வார், எண்ணெய்க் கிண்ணம், சாக்கு, வேட்டி, பார்வதி. என்ன வரிசையில் சொன்னேன் என்று தெரியாது. டாக்டர் கதவருகே நின்றிருந்த ராமையாவைக் கை நீட்டிக் கூப்பிட்டார்.

"நீங்களும் அந்த வார் கட்டறதா?"

"ஆமாங்க."

"சட்டையைத் தூக்குங்க."

ராமையா தயங்கினான். தூக்கினான். இடுப்பில் ஒரு கட்டி பழுத்து நின்றது. பக்கத்தில் ஆறிப்போன பழைய தழும்புகள்.

"இது என்ன?"

"உஷ்ணமுங்க."

"உங்க மச்சானுக்கும் உஷ்ணம். கொட்டகையில வேற யாருக்கு உஷ்ணம்?"

ராமையா யோசித்தான். "எல்லாருக்குந்தாங்க."

"எல்லாருக்கும் ஒரே வீட்டுச் சோறா?"

"இல்லைங்க."

"ஒரே வேலையா?"

"இல்லைங்க."

"ஒரே வார்?"

ராமையா சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான். அடுத்த கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த பெரியவர் சொன்னார்: "ஒருத்தன் உஷ்ணத்த ஊரே பங்கு போட்டுக்கிட்டீங்களாப்பா?" நாலு பேர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"இது சீழ்க் கிருமி. கண்ணுக்குத் தெரியாது. தோல் மேல சும்மா உக்காந்திருக்கும். தோல் எங்க உரசிக் கிழியுதோ, அங்க உள்ள போகும். வேர்வை, ஈரம் எல்லாம் அதுக்கு நல்ல சாப்பாடு. பச்சைத் தண்ணியில கசக்குனா சாகாது. புகையில சாகாது. தளதளன்னு கொதிக்கிற தண்ணியிலதான் சாகும். போங்க. அந்தத் துணிய எரிங்க. புள்ளைக்குப் போடுற எல்லாத்தையும் அவிக்கணும். நீங்க கை கழுவாம புள்ளையத் தொடக் கூடாது."

ராமையா என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓடினான். ஆஸ்பத்திரிப் படிகளில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. மறுநாள் பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை என்றார்கள். யாரும் வரவில்லை. புதிதாக யாரைக் கொண்டுவந்து படுக்க வைத்தாலும் எந்தத் தோட்டம் என்று நானே கேட்டேன். பேசாத நான் கேட்டதில் பண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு லொறிக்காரனைப் பிடித்து எங்கள் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். பதில் வரவில்லை. கருப்பட்டித் துண்டோடு வெறும் தேத்தண்ணி கொண்டுவந்து தருவார். அது ஆறிப்போய் அப்படியே இருக்கும். மறு வாட்டில் எந்தக் குழந்தை அழுதாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த துணிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வரும். என் கம்பளி, தலையணை, கொடியில் கிடந்த துண்டு. அதெல்லாம் அந்த ஒரே காம்பராவில், பார்வதி பாய்க்கு ஒரு கை தூரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை செல்லம்மா வந்தாள். தலை நனைந்திருந்தது.

"பொம்பளப் புள்ளைங்க. பார்வதி நல்லாயிருக்கா."

"வேட்டி?"

"அதக் கேக்காதீங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பொழுது சாய பொறந்துச்சு. இவன் மறுநாள் விடிஞ்சுதான் வந்து சேந்தான். மண்ணு சரிஞ்சு பஸ்ஸும் ரயிலும் நின்னுபோச்சாம், தண்டவாளத்து மேலேயே நடந்து வந்திருக்கான். வந்தவன் வாசல்லேருந்தே கத்துறான், 'வேட்டிய அவுரு! வேட்டிய அவுரு!'ன்னு. மருத்துவச்சி இவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு கதவச் சாத்திருச்சு. அப்புறம் மாவுச் சாக்கையெல்லாம் பொறக்கி, பெரிய சட்டியில போட்டு, இவனே அடுப்பூதி அவிச்சான். ஒங்க பேத்தி முதுகுல சாக்குல அடிச்ச இங்கிலீசு எழுத்தோட கெடக்குறா."

நான் சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை. ஒரு முழு இராத்திரி என் வேட்டியில் கிடந்திருக்கிறாள்.

"புள்ள மேல ஒண்ணும் இல்லையே?"

செல்லம்மா முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். "கழுத்து மடிப்புல மட்டும் நீர் கோத்த மாதிரி ரெண்டு. வேர்க்குருவுன்னு மருத்துவச்சி சொல்லுது."

"இந்தக் குளிர்லயா வேர்க்குரு!"

இரண்டாம் தரம் நான் சத்தம் போட்டது அப்போதுதான். மிஸ்ஸி ஓடி வந்தார். கேட்டதும் டாக்டரிடம் போனார். மறுநாள் காலையில் தோட்டத்து லொறியில் பார்வதியையும் பிள்ளையையும் கொண்டுவந்தார்கள். லொறியில் இருந்து இறங்கும்போது ராமையா குடை பிடித்திருந்தான் என்று பண்டா சொன்னார். நான் பார்க்கவில்லை. என்னைப் பார்க்க விடவில்லை.

பிள்ளையைத் தனி அறையில் வைத்தார்கள். கொப்புளம் கையிடுக்குக்கும் பரவியிருந்தது. அந்தச் சின்ன உடம்புக்கும் பென்சிலின். எனக்குப் போட்ட அதே மருந்து. அவள் அழுகை எனக்குத் தெரிந்துபோனது. மற்றக் குழந்தைகள் மாதிரி இல்லை, ஆரம்பத்தில் ஒரு விக்கல் விட்டு அழுவாள். ஊசி நேரம் எனக்குத் தெரியும். அது நெருங்கும்போது என் தொடை தானாக இறுகும். என் முதுகுக் குழியைப் பற்றி நான் மறந்தே போனேன். திரி உருவும்போது கம்பியைக் கடிக்கவில்லை.

ஒரு நாள் அழுகை வரவில்லை. காலை ஊசி நேரம் கழிந்தது, சத்தம் இல்லை. பண்டா கஞ்சி கொண்டுவந்தார், கேட்டேன், தெரியாது என்றார். மத்தியானம் வந்தது. இரண்டாம் ஊசி நேரமும் சத்தம் இல்லாமல் போனது. நான் விறாந்தையில் எனக்கு விட்ட எல்லைவரை போய் நின்றேன். அந்தக் கொடியில் மாவுச் சாக்குத் துணிகள் காய்ந்தன. எழுத்துகள் தலைகீழாகத் தொங்கின. பார்வதி வெளியே வருவாளா, அழுதுகொண்டு வருவாளா என்று அந்தக் கதவையே பார்த்தேன்.

மிஸ்ஸி என்னைக் கண்டுவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வந்து, ஒரு பொட்டணத்தைத் தூக்கிக் காட்டினார். முகம் சிவந்து, வாய் கோணி, கொட்டாவி விட்டது. மிஸ்ஸி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து சொன்னார்:

"காய்ச்சல் எறங்கிருச்சுண்ணே. வயிறு நெறைய பால் குடிச்சிட்டு ஊசி போட்டதுகூடத் தெரியாமத் தூங்குறா. ஒங்களுக்குத்தான் அழுகை."

ஆமாம், நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். என் குழி தூர்ந்து மூடிய பிறகு என்னையும் விட்டார்கள். அப்போதும் டாக்டர் முழுக்க ஆறும்வரை பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்றார். ஒரே காம்பராவில் நான் இந்தச் சுவரோரம், அவள் அந்தச் சுவரோரம். தூக்கும் நாள் வந்தபோது வெந்நீரில் சவுக்காரம் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து நின்றேன். பார்வதி, "என்னாப்பா, கோயிலுக்குப் போறீங்களா?" என்றாள்.

கொட்டகையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ராமையா வாரை வெட்டியபோது சண்டை வந்தது. பலம் தந்த வாரை வெட்டிவிட்டான் என்று சிலர் வருவதை நிறுத்தினார்கள். துரைக்குத் தெரிந்தால் பூட்டிவிடுவார் என்று பயந்த ராமையா, தானே போய்ச் சொல்லிவிட்டான். துரை பூட்டவில்லை. ஸ்டோரிலிருந்து ஒரு தகரப் பீப்பாயைக் கொடுத்து, இதில் தண்ணீர் கொதிக்காத நாளில் பூட்டுவேன் என்றார். அந்தப் பீப்பாய்தான் வாசலில் இருக்கிறது. சாக்குகளை எரித்தோம். எண்ணெய்க் கிண்ணத்தை நானே எடுத்துப்போய்ப் புதைத்தேன். இப்போது அவரவர் துண்டு, அவரவர் துணிப்பட்டை. கம்பியையும் கட்டையையும் தூக்கி முடித்தவன் சவுக்காரத் தண்ணீரில் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கட்டி வந்தவன் ஆறும்வரை வெளியே நிற்க வேண்டும். இன்னும் "உஷ்ணம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சட்டையைத் தூக்கிக் காட்டட்டும்.

இதை எழுதும்போது பேத்தி பக்கத்தில் தவழ்கிறாள். கழுத்தில் மிளகு அளவு ஒரு வெள்ளைத் தழும்பு, கையிடுக்கில் இன்னொன்று. சற்று முன்னால் என் தோளில் தொங்கிய துண்டைப் பிடித்துக்கொண்டு முதல் முதலாக எழுந்து நின்றாள். நின்று, அந்தத் துண்டு நுனியை வாயில் வைத்தாள்.

"செல்லம்மா! இந்தத் துண்டு அவிச்சதா?"

"காலையிலதாங்க அவிச்சேன். புள்ளை நின்னதப் பாக்காம துண்டப் பாக்குறீங்க!"

பிறகுதான் அவள் நிற்பதைப் பார்த்தேன்.

ராமையா, இத்தோடு வாசிப்பதை நிறுத்து. கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் தங்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, அது தங்களுடையதுதானா என்று ஒரு தரம் பார்க்கட்டும்.

ஆவணி மாதம், முதல் ஞாயிறு, 1957.